மொட்டையாகாத டயர்

ஒரு மாதம் முழுக்க என் மனைவி பஸ்ஸில் போனாள். அதே பஸ்ஸுக்குப் பின்னால் நான் ஸ்போர்ட்ஸ் காரில் போனேன். எங்களுக்கு வீடு கேரள எல்லைப்பக்கம் கொல்லயிலில். நெய்யாற்றின்கரையில் அவள் டீச்சர், நான் கோர்ட்டில் வக்கீல். பஸ் நின்றால் நானும் நிற்பேன், எடுத்தால் எடுப்பேன். மூன்றாம் நாளே கண்டக்டர் பின்படியில் தொங்கியபடி, "சாரே, ஒரு டிக்கெற்று எடுக்கட்டே?" என்று மலையாளத்தில் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

முந்திப் போக எனக்குத் தெரியாதா? அந்தக் கார் உறுமினால் லாரிக்காரன்கூட ஒதுங்குவான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், ஊரே மூக்கில் விரலை வைக்க, இரண்டே இருக்கை உள்ள காரை நான் வாங்கியது பக்கத்தில் அவள் இருப்பாள் என்பதற்காகத்தான். அவள் இல்லாமல் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்து நான் என்ன வெட்டி முறிக்கப் போகிறேன்?

நடந்தது இதுதான். ஒரு மழை நாளில் செங்கல் பக்கத்து வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். கார் வழுக்கி, அரை வட்டம் அடித்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் பையையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"இந்த டயர மாத்தாத இனி நான் இதில ஏற மாட்டேன். சத்தியமாக்கும்."

"புதுசு போலல்லா இருக்குது! பட்டன் ஒண்ணும் தேயல்ல, பாரு."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த டாக்டர், காரை ஷெட்டில் பூட்டி வைத்து அழகு பார்த்தவர். டயரில் பட்டன் என்று சொல்கிற வரிவெட்டு அப்படியே இருந்தது. அதை வைத்தே வீட்டில் ஒரு மாதம் வாதாடினேன்.

"அலமாரியில வச்ச ரப்பர் பாண்டு பொட்டிப் போவுதில்லையா? அதையும் நீங்க ரோட்டில ஓட்டிட்டா நடந்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

தோற்றுப்போய், எறணாகுளத்திலிருந்து நாலு புது டயர் வரவழைத்து, ஒரு ஆட்டோவில் ஏற்றி, நான் காரில் முன்னே போக, பாறசாலை டயர்க்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என் பழைய டயரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இதக் கழற்ற எனக்கு மனசு வரல்ல, சாரே. மொட்டை ஆவட்டு, பின்ன வாருங்க."

"மொட்டை ஆவாதயும் பழசாவும், ஓய்!"

அவர் என் தலையைப் பார்த்தார். தலை நிறைய முடி, எல்லாம் சாயம் பூசியது. ஆட்டோக்காரரும் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டயரின் பக்கவாட்டில் அதைச் செய்த வாரத்தையும் வருஷத்தையும் நாலு இலக்கமாகப் பொறித்திருப்பார்கள். அதைப் படியும் என்று கத்தினேன். அவர் குனிந்து உரக்கப் படித்தார். அங்கேதான் எனக்குப் பிசகியது. எதிரே லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது என்பதால் எல்லை தாண்டி வந்து டிக்கெட் வாங்குகிறவர்கள் அங்கே கூட்டமாக நின்றார்கள்.

"எலே, நாலு டயரிலயும் ஒரே நம்பராக்கும்!" என்று அவர்களில் ஒருவர் ஓடிவந்து பார்த்துக் கூவினார்.

டயருக்குப் பன்னிரண்டு வயது என்று நான் தொண்டை கிழியச் சொன்னது பிறகு ஒருவர் காதிலும் ஏறவில்லை. அந்த நம்பரில் முடியும் டிக்கெட்டைத் தேடி ஆள் பறந்தது. ஒருவர் முன் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்காரரும் ஒரு டிக்கெட் வாங்கி மடியில் செருகிய பிறகுதான் ஜாக்கியைக் கையில் எடுத்தார். யாருக்கும் ஒன்றும் விழவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றி வளைத்துப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. ரப்பர் எங்கும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"சாரே, இதிலயா டீச்சறக் கொண்டு நடந்தீங்க?"

வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் அவளை எதிர்த்துப் பேசிய வாயில் நானே நாலு போடலாம் போலிருந்தது. புது டயர்களை மாட்டி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "புது ரப்பராக்கும். முதல் இருநூறு கிலோமீற்றர் பைய ஓட்டணும். சட்டுனு பிரேக்கச் சவிட்டாண்டாம்."

மறுநாள் காலையில் அவள் காரைச் சுற்றி வந்தாள். நாலு டயரையும் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு ஏறினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பது போல் பாவனை செய்தேன்.

கடைக்காரர் சொன்னபடி பைய ஓட்டினேன். பஸ் எங்களை முந்தியது. கண்டக்டர் கையை ஆட்டிவிட்டுப் போனான். மீன்காரரின் ஸ்கூட்டர் முந்தியது. ஏற்றமாக இருந்ததால் ஒரு சைக்கிள் மட்டும் முந்தவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள், ஹெட்மாஸ்டரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தாள். இந்தக் காரில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. முன்பெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள்.

அமரவிளை பாலத்தில், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறோம் என்று கேட்டாள். இருநூறு கிலோமீட்டர் கணக்கைச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"போவ வர நாளொண்ணுக்கு இருபத்தஞ்சு. அப்போ எட்டு நாளு உண்டு," என்றாள். பிறகு, சிரிக்காமல், "ஒம்பதாவது நாளு முதல் நான் பஸ்ஸிலயே போயிரட்டா?" என்று கேட்டாள்.