ரைஸ் மில் எஞ்சின் ஊஞ்சலாடிய நாள்

உம்ம்ம்... என்று ஏறும். கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கும். மறுபடியும் ஏறும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து குண்டு பல்பும் பளிச்சென்று எரிந்து, மங்கி, எரியும். சுற்றிலும் அவித்த நெல்லின் சூடான வாசனை...

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் நிருபர் வேலைக்கு வந்த புதிது. சாலவாக்கம் ஏரியைப் பார்த்து எழுதப் போய்விட்டுத் திரும்பும் வழியில், உத்திரமேரூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மழைக்கு ஒதுங்கினேன்.

ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான். ஐப்பசி மழை விடவில்லை. கரண்டும் இல்லை. களத்தில் நெல் காய வழியில்லாததால் டிரையர்தான் கதி. அதை ஓட்ட ஜெனரேட்டர் வேண்டும். பழைய கப்பலில் இருந்து கழற்றி ஏலத்தில் வந்த பெரிய எஞ்சின் அது. பூஜைக்கு அப்புறம் அன்றுதான் முதன்முதலில் ஓட்டுகிறார்கள். அதுதான் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் டிரையரை இணைத்தால் மோட்டார் புகைந்துவிடும்.

காத்திருந்த நெல் காவாந்தண்டலத்து ஊர்க்காரர் கன்னியம்மா அக்காவுடையது. மகள் கல்யாணச் சாப்பாட்டுக்கென்று சொர்ணவாரிப் பருவத்து அறுப்பில் ஒதுக்கி வைத்தது. அவித்தாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் காற்றுப் படாவிட்டால் அரிசி நாறும்.

"இன்னா ஏழுமல, உன் எஞ்சினு புள்ளத்தாச்சி மாரி மூச்சு வாங்கிக்கினு கீது?" என்றார் அக்கா.

ஆபரேட்டர் ஏழுமலை எஞ்சினையே சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குள் காஞ்சிபுரத்தில் இருந்து மெக்கானிக் சத்தார் பாய் மொபெட்டில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்.

"கவர்னருப்பா."

சுமை கூடினால் டீசலைக் கூட்டி, குறைந்தால் குறைத்து, எஞ்சினை ஒரே வேகத்தில் வைத்திருக்கிற கருவி அது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. பாய் முதலில் எண்ணெயைப் பார்த்தார். கண்ணாடியில் அளவு சரியாக இருந்தது, நுரையும் இல்லை. இருந்தும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார். உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று பக்கத்து ஊசி வால்வைத் திறந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் இஷ்டத்துக்கு ஆட விட்டு, மெல்ல மூடினார். அதோடு அடங்க வேண்டும்...

அடங்கவில்லை.

"பாய், பந்தியில கஞ்சி ஊத்திடட்டா?"

"இரும்மா, பேஜார் பண்ணாத. சம்பந்திக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எஞ்சினை நிறுத்தி, கவர்னரில் இருந்து டீசல் பம்புக்குப் போகும் கம்பியைக் கழற்றினார். கவர்னர் பக்கம் வெண்ணெய் போல அசைந்தது. பம்பு பக்கத்து மூட்டு முரண்டு பிடித்தது, பிறகு திடீரென்று துள்ளியது. பாய் அதை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக உதிர்ந்தது. மூக்கருகில் கொண்டுபோனார்.

"டேய் ஏழுமல... சந்தனம்டா!"

பூஜையன்று எஞ்சினில் ஒரு மூட்டு விடாமல் குழைத்து அப்பியிருக்கிறார் மனிதர். காய்ந்து இறுகிவிட்டது. டீசலைக் குறைக்கச் சொல்லி கவர்னர் தள்ளினாலும் கம்பி தாமதமாகத்தான் கேட்கும். அதற்குள் வேகம் எகிறிவிடும்.

"சாமி காரியமாச்சே பாய். ஒண்ண வுட்டா அது கோச்சிக்காதா?"

"வுட்டிருந்தா சும்மா இருந்திருக்கும்டா. பூசினதாலதான் கோச்சிக்கினு கீது!"

கன்னியம்மா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீசலில் கழுவி, சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினார்கள். எஞ்சின் ஏறியது... அப்படியே நின்றது. ஒரே சுருதி. டிரையரைப் போட்டதும் ஒரு முக்கல், அவ்வளவுதான். பல்பு மங்கவில்லை. கன்னியம்மா அக்கா ஒரு கை நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு எங்கள் மூவருக்கும் அழைப்பு. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அக்காவே நின்றார். பாய் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்மா, மூட்டு புடிச்சிக்கும்!"

ஏழுமலை இரண்டு கையையும் நீட்டினார். சோறு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது.

இப்போது மண்டபங்களில் ஜெனரேட்டர் பின்பக்கம் ஏதோ பெட்டிக்குள் ஓடுகிறது. கரண்ட் போனதே தெரிவதில்லை. நல்லதுதான்... வாசல் மேசையில் சந்தனக் கிண்ணம் தொட ஆளில்லாமல் காய்ந்து கிடக்கிறது. நான் மட்டும் ஒரு விரல் தொட்டு முகர்வேன்.

எனக்கு அதில் டீசல் வாசனை வரும்.