கப்பல் சாப்பாட்டுக்குத் தைத்த கோட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கப்பல் ஏறியவை ஆடுகள்தான். அதாவது ஆடுகளின் தோல்கள். வாணியம்பாடியில் என்னைப் பெற்ற அத்தாவின் தோல் ஷாப்பில் பதனிட்டுக் காயவைத்து, கட்டுக்கட்டாக மெட்ராஸுக்கு ரயிலேற்றினால், அவை அங்கிருந்து லண்டனுக்குப் போய்விடும். "ஆடு மாடெல்லாம் சீமையப் பாத்துடுச்சு, நம்மள்ல ஒருத்தன் பாக்கல" என்று அத்தா அடிக்கடி சொல்வார். நல்ல தோலையும் மட்டம் என்று லண்டன்காரர்கள் ஒதுக்குகிறார்கள், நம் ஆள் ஒருவன் நேரில் போய் நின்றால்தான் சரிப்படும் என்பது அவர் கட்சி. அம்மாவின் தம்பியான மாமு எங்களோடேயே இருந்து ஷாப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இங்கிலீஷும் படித்தவர். அவரை அனுப்புவதென்று முடிவாயிற்று. போனால் ஒரு வருஷமாவது தங்கவேண்டும். மாமுவுக்கு அப்போதுதான் நிக்காஹ் ஆகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஏழெட்டு வயது.

பயணச்சீட்டுக்காக மெட்ராஸ் போன மாமு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கென்றே தனி உடுப்பு உண்டாம். மணி அடித்ததும் ஆண்களெல்லாம் கறுப்புக் கோட்டு, மார்பு விறைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு, இத்தனையோடும் வந்து மேசையில் உட்காரவேண்டுமாம். இல்லாதவன் தன் அறையிலேயே தட்டை வாங்கித் தின்றுகொள்ள வேண்டியதுதான். தோல் வாங்கும் துரைமார் சிலரும் அந்தக் கப்பலில் வருகிறார்கள், அந்த மேசையில்தான் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"பொம்பளைங்க இன்னா போட்டுக்கினு வருவாங்க?" என்று கேட்டாள் அம்மா.

மாமு என்னை ஒரு பார்வை பார்த்தார். "போட்டுக்கினு வர்றத விட, போடாம வர்றதுதான் ஜாஸ்தி அக்கா."

அம்மா "தோபா, தோபா" என்று என் காதுகளைப் பொத்தினாள். அதற்குள் எல்லாம் கேட்டாகிவிட்டது. கதவோரம் நின்றிருந்த மாமி மட்டும் சிரிக்கவில்லை.

உடுப்பு மெட்ராஸில் தைத்து வந்து சேர்ந்தது. அதைப் போட்டுச் சாப்பிட்டுப் பழகவேண்டுமென்று மாமு ஒருநாள் மாலை அதோடு எங்கள் நடுவில் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், சட்டையின் மார்பு பலகையாக எழும்பி அவர் தாடையில் இடித்தது. குனியவே முடியவில்லை. "சாப்பாட்டுக்குன்னு தச்ச சட்ட, சாப்பிட வுடமாட்டேங்குதே" என்றார் அத்தா. மாமு மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கவளத்தைக் கொண்டுபோக, பாதி வழியில் கறிக்குழம்பு கோட்டின் மேல் வழிந்தது.

அம்மா பதறிப்போய்க் கோட்டை அப்படியே தண்ணீரில் முக்கிவிட்டாள். கம்பளித் துணி அது. மழைக்காலம் வேறு. வெயிலில் போட்டால் கறுப்பு வெளுக்கும், வீட்டுக்குள் போட்டால் காயாது. "நம்மகிட்ட இல்லாத நெழலா, நம்மகிட்ட இல்லாத காத்தா?" என்று அத்தா அதை ஷாப்புக்கு எடுத்துப்போனார். தோல் உலர்த்தும் கொட்டகை எங்கள் ஊரில் பெருமைக்குரிய இடம். நாலு பக்கமும் காற்று, நடுவில் நீள நீளமாகக் கழிகள். அங்கே ஆட்டுத்தோல்களுக்கு நடுவில் மாமுவின் கோட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் காய்ந்து வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மாமி ஒருத்திதான் அதை மடிக்க எடுத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஆற்காட்டுப் பெண். மக்கன் பேடா போட்டு விற்கும் வீட்டில், நெய்யும் பாகுமாக வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் ஷாப்புப் பக்கமிருந்து காற்று வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊரில் அந்த வாடையைக் குறை சொல்வது சோற்றைக் குறை சொல்வது மாதிரி. அதனால் பாவம், வாயைத் திறக்காமல் இருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்தாள்.

"அக்கா, கோட்டுல ஷாப்பு வாசன வருது" என்றாள் மெதுவாக.

அம்மா முகர்ந்தாள். அத்தா முகர்ந்தார். மாமு முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார்கள். கோட்டு வாசனைதான் வருகிறது என்று சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் அத்தா. அவருக்கு மனத்தாங்கல்தான்.

மாமு கொஞ்சநேரம் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மூக்கெல்லாம் செத்துப்போன மூக்கு, மச்சான். இந்த வூட்ல உசுரோட இருக்கறது அவ மூக்கு ஒண்ணுதான். அவ போச்சுன்னு சொன்னாத்தான் நான் கப்பல் ஏறுவேன். நாறிக்கினு போயி அந்த மேசையில குந்துனா, நம்ம தோலுக்கு இன்னும் கம்மியாத்தான் வெல சொல்லுவாங்க."

அத்தா வாதாடிப் பார்த்தார், மாமு அசையவில்லை. வேறு கோட்டு தைக்க நாளும் இல்லை. இப்படியாகச் சீமைப் பயணம் மாமியின் மூக்குநுனியில் வந்து நின்றது. "உன் மூக்குக்கு வந்த வாழ்வப் பாரு" என்று அம்மா கேலி செய்தாள்.

அன்றிலிருந்து மாமிக்கு அதே வேலை. விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கோட்டை மாடிக்குக் கொண்டுபோவாள். அந்த நேரத்தில் ஏலகிரிப் பக்கமிருந்து காற்று வரும், ஷாப்பும் திறந்திருக்காது. காக்காய் ஓட்ட நான் கூடப் போவேன். ஆரஞ்சுத் தோல், வெட்டிவேர், சாம்பிராணிப் புகை என்று அவள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஷாப்புத் தோலில் செய்த பெட்டி ஆகாது, தகரப் பெட்டிதான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். தோல் விற்கப் போகிறவன் தகரப் பெட்டியோடு போவதா என்று அத்தா ஒரு பகல் முழுக்க யாரோடும் பேசவில்லை.

தினமும் மாமி கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் கழுத்துப் பட்டையில் முகத்தைப் புதைப்பாள். ஒரு மூச்சு முகர்ந்தால் போதாதா? அவள் வெகுநேரம் அப்படியே நிற்பாள். "போச்சா மாமி?" என்று நான் நச்சரித்தால், "இன்னும் இருக்குடி கண்ணு" என்பாள். கீழே வந்து மாமுவிடமும் அதையே சொல்வாள். மாமு தலையாட்டிக்கொண்டு போய்விடுவார்.

பம்பாயில் கப்பலைப் பிடிக்க ரயிலேறுவதற்கு முந்தின நாள் மாலை மாமு கோட்டைக் கொண்டுவந்து எல்லோர் எதிரிலும் மாமியின் கையில் கொடுத்தார். "இன்னிக்கு சொல்லிடு. இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லு. நான் போவல, அவ்ளோதான். பேஜார் வுட்டுது."

மாமி கோட்டில் முகத்தை வைத்தாள். அத்தா தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்குவதைக்கூட அம்மா கவனிக்கவில்லை. மாமி தலையை நிமிர்த்த எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது.

"போச்சு" என்றாள். "ஒண்ணும் இல்ல. பொட்டியில எடுத்து வைங்க."

அத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமி வெங்காயம் அரிய வேண்டும் என்று அடுக்களைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெங்காயம் ஒன்றும் வெளியில் எடுக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள்.

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வாடை போகவில்லை! மாமி பொய் சொல்லிவிட்டாள், அதனால்தான் அழுகிறாள். ஓடிப்போய் அம்மாவை இழுத்துவந்து, "வாசன இன்னும் இருக்கும்மா, பாரு, மாமி அழுவுறாங்க" என்றேன்.

அம்மா மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கோழிங்க அடைஞ்சிச்சான்னு போய்ப் பாரு" என்றாள். கூட்டை அப்போதுதான் நானே மூடிவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்லியும் போகச் சொன்னாள். நான் வெளியே வந்தபோது அம்மா மாமியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவளை யாரும் மதிக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமு போனபிறகு எனக்கு அதே கவலை. மணி அடித்திருக்கும், கறுப்புக் கோட்டோடு மாமு மேசையில் போய் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இருக்கும் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பார். நினைக்க நினைக்க எனக்கே சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாமியிடம் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் மாமி பொய் சொன்னீங்க?"

மாமி என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் நின்றன.

"பொய் சொல்லத்தான் நெனச்சேன்டி கண்ணு" என்றாள். "மனசு வரல."

சொன்ன பொய்யைப் போய் எதற்குச் சொல்லவில்லை என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடினேன்.