பாச்சா உருண்டை

“…ஏன், நீ போட்டுக்கல? நான் போட்டுக்கல? எவன்டா செத்தான்? நம்ம ரத்தத்துல ஒரு கோளாறும் கெடையாது. இது சிதம்பரத்துலேர்ந்து வந்த கோளாறு.”

சிதம்பரம் என் மனைவியின் ஊர். சொன்னவள் என் அக்கா, கடலூரில், என் மகனின் ஞானஸ்நானத்தன்று. அவள் வாய்க்கு நான் எப்போதும் ரசிகன். அன்றைக்கு மட்டும் ரசிக்க முடியவில்லை. கையில் வெள்ளைக் கவுன் வைத்திருந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் வாங்கினோம். மற்ற நாளெல்லாம் அது அக்காவின் தகரப் பெட்டியில், பாச்சா உருண்டைகளுக்கு நடுவே கிடக்கும்.

மகன் பிறந்த இருபதாம் நாள், அதே பெட்டியிலிருந்து அக்கா சிதம்பரத்துக்கு எடுத்துவந்த கம்பளியில் அவனைச் சுற்றி வைத்தோம். இரண்டே நாளில் கண் மஞ்சளானது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. சிதம்பரத்து டாக்டரம்மா சொன்னார்: “இரும்பு துருப்பிடிக்குதுல்ல, அப்படி வச்சுக்குங்க. ஆக்ஸிஜனைச் சுமக்குற சிவப்பணுவை அந்த ஆக்ஸிஜனே அரிக்கப் பாக்கும். அதைத் தடுக்க உடம்புல ஒரு நொதி இருக்கு. இவனுக்கு அது கம்மி. பாச்சா உருண்டை நெடி பட்டா அணுவெல்லாம் தாங்காம உடைஞ்சுடும். இன்னொரு தடவை ஆகக் கூடாது.” யாரோ கொடுத்த ரத்தம் ஏறித்தான் பிள்ளை பிழைத்தான்.

ஆண்பிள்ளைக்கு இது தாய் வழியாக வரும் என்றும் சொன்னார். அதைப் போய் அக்காவிடம் உளறியது நான்தான்.

“மூணு தண்ணி அலசிட்டேன்டா” என்றாள் அக்கா.

“வேணாம் அண்ணி. கடையில புதுசு வாங்கியாந்துட்டோம்” என்றாள் என் மனைவி.

“ஒன்ன யாரு கேட்டா? ரத்தத்தையே சொத்தையா குடுத்தவ, துணிக்கு நாயம் பேச வந்துட்டா.”

“என் ரத்தந்தான் அண்ணி. அதான் நான் பாத்துக்கறேன்.”

அக்கா கவுனைக் கட்டிலில் வீசினாள். ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று நினைத்தேன். அக்காதான் ஞானத்தாய், கோயிலில் பிள்ளையை அவள்தான் ஏந்த வேண்டும். “குடு, மணி ஆவுது” என்று கையை நீட்டினாள். கொடுக்கப் போனபோது குப்பென்று அடித்தது அந்த நெடி. அவள் கட்டியிருந்த பட்டும் அதே பெட்டியிலிருந்து வந்ததுதான்.

பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “அக்கா, புடவை…”

“ஓகோ! இப்ப நானே வெஷமாயிட்டனா?”

வாசலில் வேனில் ஏறிய சொந்தக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அக்கா உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், அன்று காலை மீன் கழுவும்போது கட்டியிருந்த சாயம்போன நூல்புடவையோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக் கைகளை என் மனைவியின் மூக்கருகே நீட்டினாள்.