ஆறு வயலின்களும் ஒரு விழாவும்

வெள்ளவத்தைப் பாடசாலையொன்றில் பதினேழு வருடங்களாகச் சங்கீதம் படிப்பிக்கிறார் தர்மினி மிஸ். இந்த வருடம் அவரிடம் மிஞ்சியது ஆறு பிள்ளைகள். மற்றவர்களை ரியூசன் வகுப்புகள் விழுங்கிவிட்டன.

பிள்ளைகளுக்கு இசையில் ஆர்வத்தை மூட்ட வேண்டுமென்று பாடசாலை அதிபர் விழா எடுத்தார். ஆறு பேரும் ஒரு மாதம் பயிற்சி செய்து, வயலின்களைச் சுருதி சேர்த்துக்கொண்டு மேடையோரம் காத்து நின்றார்கள். மங்கல விளக்கேற்றவே பன்னிரண்டு பேர் வந்தார்கள். வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் முடிய, பிரதம விருந்தினர் எழுந்தார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். வயலினை வீணை என்றே கடைசிவரை சொன்னார். இசையின் மகிமை பற்றி ஐம்பது நிமிடம் பேசி, பொன்னாடையும் வாங்கிக்கொண்டார்.

"மிஸ், நாங்கள் எப்ப வாசிக்கிறது?" என்று கேட்டாள் கவிநயா.

"பொறுங்கோ பிள்ளை, நன்றியுரை முடியட்டும்."

நன்றியுரை முடியுமுன்பே வாசலில் ஸ்கூல் வான்கள் ஹோர்ன் அடித்தன. ஆறு வயலின்களும் பெட்டிக்குள் போயின.

ஆனாலும் விழா பலித்தது. அடுத்த கிழமை சங்கீத அறை வாசலில் முப்பது பிள்ளைகள்! மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆருக்கு வயலின், ஆருக்கு மிருதங்கம்?"

"அதெல்லாம் வேண்டாம் மிஸ்," என்றான் முன்னால் நின்றவன். "அடுத்த விழாவில பேசுறதுக்குப் பேர் குடுக்க வந்தனாங்கள்."