பேட்டரி அறையின் சாவி

டீக்கடை அக்காவின் சர்க்கரை டப்பாவுக்கு மேலே ஓர் ஆணியில் அந்தச் சாவி தொங்கும். மஞ்சள் கயிறு கட்டிய சின்னச் சாவி. நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு மாடிக் கட்டடத்தில், கரண்ட் போனால் கைகொடுக்கிற பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையின் சாவி அது. டீக்கடையில் அதற்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன், சாமி. உங்கள் அப்பன் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், பாதியில் எங்காவது கரப்பான் வந்துவிட்டது என்று எனக்கு ஃபோன் வந்துவிடுகிறது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்களுக்குப் போய் எறும்பு, கரப்பான், எலி, கரையான் இவற்றுக்கு மருந்து வைக்கிறேன். அந்தக் கட்டடம் ஒரே கம்பெனிக்குச் சொந்தமானது அல்ல. ஒரே மாடியில் பல பேர் மேசைகளை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மூலையில் போர்வெல் வண்டிக்காரர்களின் ஆபீஸ், அடுத்து முட்டை வியாபாரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை செய்யும் இளவட்டங்கள். இத்தனை பேரையும் கட்டி மேய்த்தவர் ஒரு பெண் மேனேஜர். எல்லோருக்கும் அவர் மேடம். வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனாலும் எனக்கும் மேடம்தான். அவர் என்னை அண்ணா என்பார்.

மற்ற இடங்களில் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்வார்கள். மருந்துப் பையைத் துணி போட்டு மூடிக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. வாடிக்கையாளர் பார்த்தால் இங்கே பூச்சி இருக்கிறது என்று நினைத்துவிடுவாராம். இந்த மேடம் மட்டும் நான் போகிற நாளில் முன்வாசல் கதவிலேயே “இன்று பூச்சி மருந்து வைக்கப்படுகிறது” என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுவார். நான் பையைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு மேசையாகப் போய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் யார், பிள்ளைத்தாய்ச்சி யார் என்று கேட்டு, அவர்களை வேறு பக்கம் உட்கார வைப்பார். முட்டை ஆபீஸ்காரர் ஒரு தடவை, “ஏனுங்க மேடம், இப்பிடி வாசல்லயே போர்டு வெச்சா மானம் போவுதுங்க” என்றார். மேடம் சிரித்துக்கொண்டே, “பூச்சி எல்லா ஊட்டுக்கும் வருமுங்க. ஒளிச்சு வெச்சம்னா குடும்பத்தோட வரும்” என்றார். இதை அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு வருடம் ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாளில் அங்கே எலித் தொல்லை கிளம்பியது. மேற்கூரை அட்டைக்கு மேலே ஓடுகிற சத்தம் பகலிலேயே கேட்கும். இன்டர்நெட் வயரைக் கடித்து வைத்ததில் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு வேலை கெட்டது. முட்டை ஆபீஸில் பில் போட முடியவில்லை. எல்லோருடைய கோபமும் மாடிப்படிக்குக் கீழே இருந்த டீக்கடை மேல் திரும்பியது. அந்த அக்கா குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர். தறிப் பஞ்சு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் அதை விட்டுவிட்டு, இங்கே டீயும் போண்டாவும் தட்டுவடை செட்டும் போட்டுப் பிழைப்பவர். மகளின் நர்சிங் படிப்பு அந்த அடுப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தின்பண்டம் இருக்கிற இடத்துக்குத்தானே எலி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. அக்கா மட்டும் கரண்டியை ஆட்டிக்கொண்டு, “எலி எம் போண்டாவ தேடி வந்தா எனக்குப் பெருமதானுங்க. மனுசங்களே பாதியக் கடிச்சுட்டு வெச்சுட்டுப் போறாங்க” என்றார். வாய் அப்படிப் பேசினாலும் கண் கலங்கியிருந்தது. கட்டடச் சொந்தக்காரர் ஃபோனில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: இந்த மாதத்தோடு டீக்கடையை எடுத்துவிட வேண்டும்.

மேடம் என்னைக் கூப்பிட்டு, “அண்ணா, மருந்து அப்பறம் வெச்சுக்கலாம். எங்கிருந்து வருதுன்னு மொதல்ல பாத்துச் சொல்லுங்க. தெரியாம ஒருத்தர் பொழப்ப எடுக்க எனக்கு மனசு வரலீங்க” என்றார். சனிக்கிழமை எல்லோரும் கிளம்பும் நேரத்தில், கீழே டீக்கடையைச் சுற்றியும் மேலே சுவரோரம் நெடுகவும் வெள்ளைக் கல்லை இடித்துச் செய்த கோலப்பொடியை மெல்லிசாகத் தூவினேன். அரிசி மாவைத் தூவினால் எலிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். போர்வெல் ஆபீஸ் டிரைவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது, “என்னங்ணா, மார்கழி முன்னாடியே வந்துருச்சா?” என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் நானும் மேடமும்தான் முதலில் போனோம். டீக்கடையைச் சுற்றிப் போட்ட பொடி, போட்டது போட்டபடியே இருந்தது. ஒரு கால்தடம்கூட இல்லை. மேலே போனால் சுவரோரமெல்லாம் குட்டிக் குட்டித் தடங்கள், நடுவில் வால் இழுபட்ட கோடு. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது மேடத்தின் அறைக்குப் பின்னால் இருந்த பேட்டரி அறைக் கதவின் இடுக்கில் போய் நுழைந்தது. கரண்ட் சாமான் இருக்கிற இடம் என்று நான் அங்கே மருந்து வைப்பதே இல்லை. சாவி மேடத்திடம் மட்டும்தான் இருக்கும்.

கதவைத் திறந்ததும் குப்பென்று புளித்த வாடை. பேட்டரிகளுக்குப் பின்னால் ஒரு சாக்கு. உங்களுக்கே தெரியும், பூசைப் பொரியை யாரும் குப்பையில் போட மாட்டோம். அந்த வருடம் பூசை முடிந்ததும் ஒவ்வொரு ஆபீஸும் மிச்சமான பொரி, கடலை, பழம், மாலை எல்லாவற்றையும் பையில் கட்டி, “குப்பையில போட மனசு வரலீங்க மேடம்” என்று அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெருக்குகிற அம்மாவும் அதைத் தொட மாட்டேன் என்றிருக்கிறார். மேடம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மோகனூருக்குக் கொண்டுபோய்க் காவிரி மீனுக்குப் போட்டுவிடலாம் என்று அந்த அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மாதக்கடைசி வேலையில் அடியோடு மறந்துபோனார். சாக்கின் அடியில் செவ்வந்தி மாலை நாரையும் கிழிந்த காகிதத்தையும் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. உள்ளே கண் திறக்காத குட்டிகள் ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “குடும்பத்தோட வந்திருக்குதுங்கண்ணா” என்றார் மெதுவாக.

எனக்குப் பாவமாக இருந்தது. சொந்தக்காரர் கோபக்காரர். மேடம் அந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “மேடம், ஒருத்தரும் வரலீங்க இன்னும். சாக்க நா எடுத்துட்டுப் போயர்றேன். எலி வெளியில இருந்து வந்துச்சு, புடிச்சாச்சுன்னு சொல்லிக்கலாமுங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எலி போயிருமுங்கண்ணா. அக்கா மேல உளுந்த பேரு போவுமா?” என்றார். குட்டிகளையும் கூட்டையும் நான் அப்புறப்படுத்தினேன். சாக்கை மட்டும் கட்டித் தனியாக வைக்கச் சொன்னார்.

காலை டீ நேரத்துக்கு எல்லோரும் கீழே கூடியிருந்தபோது, மேடம் அந்தச் சாக்கைத் தாமே படிப்படியாக இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். அக்காவின் அடுப்புக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, “எலி இங்கிருந்து வரலீங்க. எம் பொறுப்புல இருக்கற ரூம்ல, நா பூட்டி வெச்ச பூசச் சாக்குல இருந்து வந்துச்சு. அக்கா, தப்பு என்னோடதுங்க” என்றார். அங்கேயே நின்று சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டு அதையே திரும்பச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. மேடத்தின் முகம் சிவந்துபோயிற்று. கடைசியில், “என்னையத் திட்டுங்க ஐயா, கேட்டுக்கறேன். கடை இங்கியே இருக்கோணுமுங்க” என்றார். அவரும் கத்தி ஓய்ந்து, “சரி, இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

அவரவர் கட்டிக் கொடுத்த பையும் அந்தச் சாக்குக்குள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முட்டை ஆபீஸ்காரர் காலி டம்ளரையே உறிஞ்சிக்கொண்டிருந்தார். அக்காதான் முதலில் வாய் திறந்தார். “இத்தன நாளா டீக்கட எலி, டீக்கட எலின்னீங்க. இனிமே மேடம் எலின்னு சொல்லோணும், ஆமா!” ஒரே சிரிப்பு. மேடத்துக்குத்தான் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா டம்ளரை வெந்நீரில் அலசி, இஞ்சி தட்டிப் போட்டு, முதல் டீயை அவர் கையில் கொடுத்தார். அதைக் குடித்து முடித்த மேடம், சாவிக்கொத்திலிருந்து பேட்டரி அறைச் சாவியைக் கழற்றினார். சாக்கின் வாயில் ஒட்டியிருந்த பூசை மஞ்சள் கயிறு ஒன்றை அதில் கட்டி, “இது உங்ககிட்ட இருக்கட்டுமுங்கக்கா. நா மறந்தாலும் நீங்க எட்டிப் பாப்பீங்க” என்று கொடுத்தார்.

எலித் தொல்லை அந்த வாரமே அடங்கிவிட்டது. அந்தச் சாக்குப் பொரியை ஆற்றில் போட வேண்டாம், எலி அசுத்தம் பண்ணியது, மீனுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். கட்டடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம்.

பிறகு மேடம் கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். நான் எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். பெரிய பெரிய நாற்காலியில் இருப்பவர்கள், தங்கள் மேசை டிராயரில் கரப்பான் முட்டை இருந்தால் என்னைப் பார்த்துக் கண் காட்டுவார்கள், வெளியே சொல்லாதே என்று. நானும் தலையாட்டிவிட்டு வருவேன். அப்போதெல்லாம் சாக்கை இழுத்துக்கொண்டு படியிறங்கின அந்த உருவம் மனசுக்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போகும்.

இந்த வருடமும் ஆயுத பூசை முடிந்து அங்கே போனேன். இப்போதைய மேனேஜரும் கதவில் அறிவிப்பு ஒட்டுகிறார். ஏன் என்று அவருக்குத் தெரியாது, முன்பிருந்தே வழக்கம் என்கிறார். மிச்சப் பொரியெல்லாம் அன்றைக்கே கட்டி மோகனூருக்குப் போயாயிற்றாம். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. மகள் சேலத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து மஞ்சள் கயிற்றுச் சாவியை எடுத்து நீட்டினார். கயிறு மட்டும் புதுசு.

“போங்க, மேடம் எலி வந்திருக்குதான்னு பாத்துட்டு வாங்க” என்றார். “டீ போட்டு வெக்கறேன்.”