முன்னால் போன பெட்டி

போன வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டையில் விருதுநகர் பஸ் ஏறினேன். கரி கேஸில் ஓடும் பஸ். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தில் எங்கள் தெரு நெசவுக்காரர் வேங்கடசாமி, கையில் பஞ்சாங்கத்தோடு. முன் ஸீட்டில் அவர் மகள் லட்சுமி.

யுத்தத்தினால் நர்ஸுக்குப் பஞ்சம். மதுரையில் பயிற்சிக்கு இந்த வருஷம் இடங்களைக் கூட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று லட்சுமிக்கு. அன்று சாயங்காலத்துக்குள் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். தவறினால் இடம் வேறு பெண்ணுக்கு. லட்சுமிக்கு? தாய்மாமன் மகன் தாலியோடு தயாராக இருக்கிறான்!

"பெட்டி ஒண்ணையும் காணோமே?" என்றேன்.

"அது முந்தாநாளே போயிருச்சுங்க சார்" என்றார் வேங்கடசாமி, பெருமையாக.

விஷயம் இதுதான். பஸ் கிளம்புவது பத்தரைக்கு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். சர்க்கார் இடத்தைக் கூட்டலாம். ராகு காலத்தைக் குறைக்க முடியுமா? ஆகவே பரஸ்தானம்! நல்ல நேரத்தில் ஒரு சாமானை முன்னால் அனுப்பிவிட்டால், பிரயாணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஒரு துண்டு போதும், ஒரு செம்பு போதும். நம்மவரோ பெட்டியையே அனுப்பிவிட்டார் — வழியில் பாலவனத்தத்தில் இருக்கும் சிநேகிதர் கருப்பையா வீட்டுக்கு. சர்டிபிகேட்டும் அதற்குள்தான். ராகுவை ஏமாற்றுவதென்றால் அரைகுறையாகச் செய்யலாமா?

பாலவனத்தத்தில் பஸ் நின்றது. ரோட்டோரத்து வீடு. பூட்டிக் கிடந்தது.

"அவுக சம்சாரத்துக்கு நேத்துலருந்து வலி" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். "மருத்துவச்சி நம்மால ஆகாதுன்னு கைய விரிச்சுட்டா. இப்பத்தான் வண்டியக் கட்டி விருதுநகரு ஆஸ்பத்திரிக்குப் போறாக. சாவி அவுக மடியில."

பார்த்தீர்களா கூத்தை? ஊரில் ஒரு நர்ஸ் இல்லாததால் வீடு பூட்டிக் கிடக்கிறது. வீடு பூட்டிக் கிடப்பதால் ஒரு பெண் நர்ஸாக முடியவில்லை!

வேங்கடசாமி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "சகுனம் சரியில்ல தாயி. திரும்பிருவோம்."

லட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் அம்மிக் குழவியைக் கேட்டு வாங்கினாள். ஓங்கி இரண்டு போடு... பூட்டு கீழே விழுந்தது.

"அய்யய்யோ! அடுத்தவுக வீடு!"

"பூட்டு கடையில கிடைக்கும் நாயனா. இந்த எடம் கிடைக்குமா?"

"வெரசா ஏறுங்க, கரி அவிஞ்சு போயிரும்!" என்று கத்தினார் கண்டக்டர். பெட்டியோடு ஏறினோம்.

இரண்டு மைல் தாண்டியிருப்போம். முன்னால் கருப்பையாவின் மாட்டு வண்டி. லட்சுமிதான் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். வலியில் துடித்த அவர் மனைவியைத் தூக்கிவந்து ஸீட்டில் படுக்க வைத்தோம். கருப்பையாவும் ஏறிக்கொண்டார்.

"ஒங்க வீட்டுப் பூட்ட ஒடைச்சுட்டேன் சித்தப்பா" என்றாள் லட்சுமி.

"பூட்டு கெடக்கு தாயி. ஒனக்கு எத்தன வருசப் படிப்பு?"

"மூணு வருசம்."

"மூணு வருசமா..." மனைவியை ஒரு முறை பார்த்தார். "கொஞ்சம் வெரசா முடிச்சுட்டு வா தாயி."



சரி, நடுரோட்டில் நிற்கும் மாட்டு வண்டியை யார் ஓட்டுவது? வேங்கடசாமி கீழே இறங்கினார். ராகு காலம் இன்னும் முடியவில்லை. "புள்ளையக் கொண்டுபோய்ச் சேத்துருங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி மாட்டைத் தட்டினார்.

கருப்பையாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். லட்சுமியை விருதுநகரில் ரயிலேற்றி, நேரத்துக்குள் மதுரையில் சேர்த்துவிட்டேன்.

வேங்கடசாமியின் பஞ்சாங்கம் பஸ் ஸீட்டிலேயே கிடந்தது. எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். தினமும் என் வாசல் வழியாகத்தான் போகிறார்... இன்னும் கேட்டு வரவில்லை!