பின்னத் தெரியாது என்று சொன்ன அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு என் கும்பிடு. அக்கா வாழ்நாளில் பொய்யே பேசாதவர் என்று அவர் பிள்ளைகள் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பாவம், அவர் ஒரு பொய் சொன்னபோது அவர்கள் பிறக்கவில்லை. நான் இருந்தேன். அந்தப் பொய்க்குக் காரணமும் நான்தான்.

அக்கா பிறந்தது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் வேலை. அவர் முதுகு ஒடிந்து படுத்ததும் அம்மா மீன் கூடையைத் தூக்கினார். அக்கா கோயில் தையல் வகுப்பில் சேர்ந்து குரோஷா ஊசி பிடித்தார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தேன்.

அக்காவுக்குப் பிடித்தது ஒரே பின்னல்தான். முடிச்சைக் கண் என்போம்; ஒரு கண் குட்டை, ஒரு கண் நெட்டை. அடுத்த வரிசையில் குட்டையின் மேல் நெட்டை, நெட்டையின் மேல் குட்டை. துணி முழுக்கப் பொரி ஒட்டியதுபோல் புடைத்து நிற்கும். தலையணை உறை, பானை மூடி, மேசை விரிப்பு எல்லாம் அதில்தான். மேசையே இல்லாத வீட்டில் மேசை விரிப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி, பெண்ணின் கைவேலையை டிரங்குப் பெட்டிமேல் விரித்து வைப்பது அப்போது வழக்கம். பின்னத் தெரியாத பெண்கள் இரவல் வாங்குவார்கள்.

காசிமேட்டு ஸ்டெல்லா எங்கள் தோழி. அவரைப் பெண் பார்க்க வந்தபோது, அக்காவின் விரிப்பை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். மூத்த பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. இரண்டே வாரத்தில் அதே வீட்டார் இளைய பிள்ளைக்கு அக்காவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விஷயம் தெரியாத அம்மா, திரும்பி வந்திருந்த அதே விரிப்பை எடுத்து விரித்துவிட்டார்.

நான் காப்பியோடு வந்தபோது, மாப்பிள்ளைகளின் அம்மா விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை நூல் தீர்ந்துபோய் அந்த மூலையை மட்டும் அக்கா பழுப்பு நூலில் முடித்திருந்தார். அடையாளம் தப்பாது.

"இத்த காசிமேட்டு வூட்ல பாத்தேன். அந்தப் பொண்ணு பின்னுனதுன்னாங்கோ. இங்க எப்டி கீது? யாரு புளுவுறது?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு. உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லாவின் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் தன் கல்யாணம் நிற்கும்.

"அவ பின்னுனதுதான், அத்தே. நாந்தான் எரவல் வாங்கியாந்தேன். எனக்குப் பின்னத் தெரியாது."

அம்மா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். அந்த அம்மாள் காப்பியை அடிவரை குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியாதத்த தெரியாதுன்னு சொல்ற பொண்ணு எங்க கீது இந்தக் காலத்துல? சின்னவனுக்கு இவதான்."

சிரிக்காதீர்கள். பேஜாரே அதற்கப்புறம்தான். திருவொற்றியூரில் ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். பின்னத் தெரியாத ஸ்டெல்லாவிடம் மாமியார் தலையணை உறை கேட்டார். மாமியார் கடைக்குப் போகும் பகல் நேரமெல்லாம் அக்கா சமையலறையில் ஒளிந்து பின்னினார், ஸ்டெல்லாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் ஊசி கை மாறிவிடும். அந்தப் பயத்திலேயே அக்கா பாதியாக இளைத்துப்போனார்.

ஒருநாள் நான் மீன் கொண்டுபோயிருந்தேன். மாமியார் ஸ்டெல்லாவை எதிரில் உட்காரவைத்து, தன் கண்முன் ஒரு வரிசை போடச் சொன்னார். அக்கா அரிசியில் கல் பொறுக்கியபடி, குட்டை, நெட்டை என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். வரிசை முடிந்தது. பொரி எழும்பியிருந்தது. மாமியார் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு ஊசியை அக்காவிடம் நீட்டினார்.

"பெரியவளே, இவளுக்கும் கத்துக்குடு" என்றார் ஸ்டெல்லாவிடம்.

அக்காவுக்கு எல்லாம் வரும், தப்பாகப் பின்ன மட்டும் வராது. விரல் தன்பாட்டுக்கு ஓடி, பாதி வரிசை பிசகில்லாமல் விழுந்துவிட்டது. மாமியார் குனிந்தார். ஸ்டெல்லா அக்காவின் கையில் ஓர் அடி வைத்தார்.

"இன்னாடி இது, எல்லாமே தப்பு. அவுத்துடு."

சரியாகப் போட்ட வரிசையை அக்கா கடைசிக் கண்வரை அவிழ்த்தார். இரண்டு நெட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "இப்டியா?" என்றார். போகப் போக வரும் என்று மாமியார் தேற்றினார். மூன்று மாதத்தில் அக்காவுக்குப் பின்னல் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாமியாரை அக்கா கடைசிவரை தாயைப்போல் பார்த்துக்கொண்டார். நான்கு பிள்ளைகளைப் பின்னல் வேலைக் காசில் படிக்கவைத்தார். அதையெல்லாம் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். அக்கா படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

ஸ்டெல்லாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அக்காவின் பின்னலைக் காட்டி வாழ்நாளெல்லாம் 'நான் கத்துக்குடுத்தது' என்று பெருமை பேசியவர், மூலக்கொத்தளம் இடுகாட்டில் மண் போட்டுவிட்டு அக்காவின் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எனக்குக் கத்துக்குடுத்ததே உங்கம்மாதான். நான் யாருக்கும் கத்துக்குடுக்கல."